வரப்பு திரும்பிய தை மாதம்

தாழைவாய்க்காலில் ஒரு தை மாதம் வயலுக்கு நடுவே நிலம் வட்டமாகச் சுற்றத் தொடங்கியபோது, ஊர் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது, அதற்கும் பிறகு அந்த வட்டத்தின் மேலேயே மிளகாய் காயப்போட்டது. பிளந்த வாயை மூட முடியாமல் கடைசிவரை திரிந்தவன் உத்திராபதி ஒருவன்தான், ஏனென்றால் அந்த வட்டத்தைப் போட்டவன் அவன்.

போட்டது ஆத்திரத்தில். அவனுக்கும் அவன் அண்ணன் பக்கிரிசாமிக்கும் நடுவில் ஒரு வரப்பு கிடந்தது. அப்பா போனபிறகு பாகம் பிரித்தபோது, தலைச்சுமையோடு ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகிற அகலத்தில் போட்ட வரப்பு அது. வருசா வருசம் நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கிப் புல்லெடுத்துச் சேறு பூசுவது அந்தப் பக்கத்து வழக்கம். அண்டை வெட்டுவது என்பார்கள். அண்ணன் கூடுதலாகச் செதுக்குகிறார் என்று தம்பிக்குச் சந்தேகம், தம்பி கூடுதலாகச் செதுக்குகிறான் என்று அண்ணனுக்குச் சந்தேகம், ஆகவே இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே செதுக்கி வந்ததில், வரப்பு மெலிந்து மெலிந்து கோழி நடக்கவே யோசிக்கிற அளவுக்கு வந்து, ஒரு ஐப்பசி மழையில் பொத்துக்கொண்டு, அண்ணன் வயலில் தேங்கிய தண்ணீரெல்லாம் தம்பி வயலில் பாய்ந்து, நட்டு வேர் பிடிக்காத பயிரை முழுசாக வாரிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

பேச்சு இல்லாவிட்டாலும் உத்திராபதி மனசுக்குள் ஒரு மூலையைச் சுத்தமாக வைத்திருந்தான். அண்ணன் மகள் சிவரஞ்சனி, அவன் தோளில் தூக்கி வளர்த்த பெண். அவனுக்குப் பிள்ளையில்லை. அவள் கல்யாணத்துக்கு அண்ணன் தாம்பாளத்தோடு வாசலுக்கு வருவார், அப்போது ஒரு வார்த்தை சண்டை போட்டுவிட்டு, பிறகு ஒரு வார்த்தை அழுதுவிட்டு, எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று அவன் நினைத்திருந்தான். பத்திரிகை வந்தது. வாசலுக்கு வரவில்லை. கலியமூர்த்தி டீக்கடையில், வடைத்தட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு கிடந்து, "ஒங்க அண்ணன் குடுத்துட்டுப் போனாரு" என்று டீ கிளாஸோடு சேர்ந்து வந்தது.

அந்த டீயை அவன் குடிக்கவில்லை. காணும் பொங்கல் மத்தியானம், ஊர் மொத்தமும் ஆற்றுப் படுகைக்குப் போய்விட்டிருந்த நேரம், மதகடியில் பொதுவாகக் கிடக்கும் பரம்புப் பலகையைத் தூக்கினான். நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்த இழுக்கிற நீளப் பலகை அது, அந்த ஊரில் அதை இழுக்காத ஆம்பிளை கிடையாது. அண்ணன் வயலுக்குள் இறங்கி, முளையடித்து, கயிறு கட்டி, பலகையை மிதித்து மிதித்துச் சுற்றி வந்தான். வெளிநாட்டில் கோதுமை வயல்களில் இப்படி வட்டம் விழுவதையும், அது வேற்றுக்கிரகத்து ஆட்களின் சேதி என்று சிலர் கண்ணீர் மல்கச் சொல்வதையும் அவன் செல்போனில் பார்த்திருந்தான். ஊர் பார்த்துச் சிரிக்கட்டும், அண்ணன் அறுப்புக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்காரட்டும், அவ்வளவுதான் அவன் வேண்டியது. ஆத்திரத்திலும் ஆள் கணக்காக இருந்தான். கயிற்றின் நீளம் வரப்போடு நிற்கும்படி பார்த்துக்கொண்டான், தன் பக்கத்துக் கதிர் ஒன்றுகூடச் சாயவில்லை.

மறுநாள் காலையில் கூட்டம் ஓடுவதைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவனைப் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனும் போனான். போனவன் அப்படியே நின்றான். வட்டம் அவன் போட்ட இடத்தில் இல்லை. அது வரப்பைத் தாண்டி வளர்ந்து, அவனுடைய வயலில் பாதியைத் தின்று, வரப்பையே நடு அச்சாக வைத்துக்கொண்டு கிடந்தது. எண்ணெய் தடவிச் சீவிய தலையைப் போல நெல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது, ஒரு தாளும் ஒடியவில்லை, ஒரு மணியும் கொட்டவில்லை. அதுகூடப் பரவாயில்லை. வட்டத்துக்குள் அகப்பட்ட வரப்பு, வெளியே இருந்த வரப்போடு சேராமல், கதவு திறந்ததுபோல ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் திரும்பியது.

"நெலம் சுத்துதுடா" என்றார் யாரோ, மழை வருகிறது என்று சொல்கிற தோரணையில்.

சுற்றத்தான் செய்தது. அண்ணன் வயலின் அரைவட்டம் மெல்ல நகர்ந்து தம்பி வயலுக்கு வர, தம்பி வயலின் அரைவட்டம் அண்ணன் பக்கம் போக, நடுவில் அந்த மெலிந்த வரப்பு கடிகார முள்ளாகத் திரும்பி, விடியும்போது மதகைப் பார்த்தது, உச்சியில் புளியமரத்தைப் பார்த்தது, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிடாரி கோயிலைப் பார்த்தது, மறுநாள் விடியலில் அலுக்காமல் மதகுக்கே திரும்பி வந்தது. தன் கையால் படுக்க வைத்த நெல் அது, அது உத்திராபதிக்குத் தெரியும். தன் கையால் ஆகாத காரியமும் அது, அதுவும் அவனுக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு அவனால் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கவே முடியவில்லை.

ஊருக்கு அப்படியெல்லாம் கஷ்டம் இல்லை. பொழுது சாய்வதற்குள் வானத்துக்காரர்கள் என்றும் பலகைக்காரர்கள் என்றும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேலே இருந்து பறக்கும் தட்டு ஒன்று இறங்கி, சூட்டோடு சூடாக முத்திரை குத்திவிட்டு ஏறிப் போயிருக்கிறது, அது ஏதோ சேதி, படிக்கத் தெரிந்தவன் வரும்வரை யாரும் அழிக்கக்கூடாது என்றார்கள் வானத்துக்காரர்கள். இது எவனோ பரம்புப் பலகையால் மிதித்தது, சேதி சொல்ல நினைக்கிறவன் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நம் ஊர் நெல்லைத்தானா மிதிப்பான், வாயில்லையா அவனுக்கு என்று கேட்டார்கள் பலகைக்காரர்கள். ஒரே வீட்டில் புருசன் வானம், பெண்டாட்டி பலகை என்று அடுப்பு இரண்டாக எரிந்தது. சவரக்கடையில் பாதி முகம் சிரைத்த நிலையில் வாக்குவாதம் முற்றி எழுந்துபோனவர்கள் பாதி முகத்தோடு திரிந்தார்கள். டவுன் பஸ் எப்போது வரும் என்று கேட்டால் மட்டும் இரு கட்சியும் ஒற்றுமையாக, வரப்பு புளியமரத்தைத் தொட்டதும் வந்துவிடும் என்று சொன்னது.

பெண்கள் வட்டத்தில் பாய் விரித்து மிளகாயும் வடகமும் காயப்போட்டார்கள். பொழுதோடு அள்ள வந்தால் மிளகாய் எதிர்ப்பக்கம் போய்விட்டிருக்கும். முதல் சில நாள் இவள் திருடினாள் அவள் திருடினாள் என்று மயிர்ப்பிடிச் சண்டை நடந்தது, பிறகு எங்கே போட்டால் எங்கே எடுக்கலாம் என்று பழகிப்போனார்கள். அண்ணன் பக்கம் கட்டிய ஆடு தம்பி பக்கம் மேய்ந்துவிட்டு அண்ணன் பக்கமே வந்து சேர்ந்தது. நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு கொண்டுவந்து வைத்தார்கள், அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் தன் வீட்டுக் கொல்லைப்புறம் இவ்வளவு அழகாக இருக்குமென்று தெரியாமலே இத்தனை காலம் வாழ்ந்துவிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார். ஆத்தூரிலிருந்து வந்த அறுப்பு மிசின் டிரைவர் மட்டும், மற்ற வயலையெல்லாம் அறுத்துவிட்டு, "ஓடுற நெலத்து மேல மிசின் ஓட்டுற வேல நமக்குத் தெரியாதுங்க" என்று மிசினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆக, ஊர் அறுப்பெல்லாம் முடிந்தும் அந்த வட்டம் மட்டும் அறுக்காமல் கிடந்தது. பக்கிரிசாமி மகள் கல்யாணப் பந்திக்கு என்று ஆசையாகப் போட்ட புதுநெல் அது. முற்றிப்போய், இன்னும் கொஞ்சம் விட்டால் கொட்டிப்போகும். பக்கிரிசாமி அரிவாளோடு வந்து நிற்பார். தன் பாதி தம்பி மண்ணில் இருக்கும். தம்பி மண்ணில் கால் வைப்பதில்லை என்ற வைராக்கியத்தில் திரும்பிப் போவார். எதிர்க்கரையில் உத்திராபதி நிற்பான். அவன் பாதி அண்ணன் மண்ணில் இருக்கும். அவனும் திரும்பிப் போவான். பொழுது சாய்ந்து அவரவர் பாதி அவரவர் பக்கம் வருகிற நேரம் இருட்டிவிடும்.

உத்திராபதியைத் தூங்கவிடாமல் அடித்தது இன்னொன்று. பக்கிரிசாமி வானத்துக்காரர்களின் கட்சிக்குத் தலைவராகிவிட்டார். பொய் பேசத் தெரியாத மனுசன் என்று பேரெடுத்தவர் அவர். பெண் பார்க்க வந்தவர்களிடமே, "பொண்ணுக்குக் கோவம் வரும், கொழம்பு சுமாராத்தான் வைக்கும்" என்று சொல்லிப் பெண்டாட்டியிடம் வசவு வாங்கியவர். ரேடியோவில் மழை என்று சொன்னால் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தட்டு வந்தது, வெளிச்சம் வந்தது, மனுசனால் இது ஆகாது என்று விடாமல் பேசினார்.

"ஒங்க அண்ணனுக்குக் கல்யாண வேலையில புத்தி பெசகிட்டுது போலருக்கு" என்றாள் உத்திராபதியின் பெண்டாட்டி தனபாக்கியம். "நீயாச்சும் போயி ஒரு வார்த்த கேளேன். இன்னமும் என்ன வீம்பு?"

அவன் எழுந்து திண்ணைக்குப் போனான். தான் செய்த கெடுதல் அண்ணனைப் பைத்தியமாக அடித்துவிட்டது என்றே நம்பினான்.

பலகைக்காரர்களின் தலைவன் மைக்செட் கோபு. ஒரு நாள் அவன் மதகடிப் பலகையை எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரைக் கோரைக்குள் இறங்கி, முளையடித்து, கயிறு கட்டி, ஊர் பார்க்க ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். உத்திராபதி கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்தான். பலகையை மிதிக்கிற விதம், முளையைச் சரிபார்க்கத் திரும்புகிற கழுத்து, நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைக்கிற அவசரம் எல்லாம் தான் செய்தது அப்படியே இருக்க, அவன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"சுத்துதா? ஒன் வட்டம் சுத்துதா?" என்று வானத்துக்காரர்கள் கத்தினார்கள்.

"சுத்துறது கெடக்கட்டும்யா" என்றான் கோபு. "வெளையுற நெல்ல மிதிச்சவன் ஆருன்னுதான் நான் கேக்குறேன். கல்யாணத்துக்குப் போட்ட நெல்லு. அவன் இஞ்சதான் நம்மளோட டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறான். பிடாரி கோயில்ல எல்லாரும் சூடம் அணைங்க, தெரிஞ்சிடும்."

அதற்கு இரண்டு கட்சியும் தலையாட்டியது. அந்த ஊரில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பிறகு போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. பொய்ச்சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று எல்லோருக்கும் தெரியும்; சூடத்துக்குப் பயந்து ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டியவர்கள் இருக்கிறார்கள், ஊரைவிட்டே போனவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆம்பிளைகள் எல்லாம் வரிசையாக நின்றார்கள். வரப்பு கோயிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. கோபு முதலில் அணைத்தான். கலியமூர்த்தி அணைத்தான். வரிசை நகர்ந்து உத்திராபதியிடம் வந்தது. கையை வைத்தால் பொய்ச்சத்தியம், வைக்காவிட்டால் குற்றவாளி. குற்றவாளி என்று பேர் வாங்குவதுகூட அவனுக்குப் பெரிதில்லை. பந்தக்கால் ஊன்றிய வீட்டில், சொந்தச் சித்தப்பனே பந்தி நெல்லை மிதித்தான் என்று சிவரஞ்சனி காதில் விழுமே, அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலும் அண்ணன் முகமும் தனக்கு எந்தக் காலத்திலும் கிடையாதே என்பதுதான் அவன் பயம். பூசாரி புதுச்சூடம் வைத்துக் கொளுத்தித் தட்டை அவன் பக்கம் நீட்டினார். அவன் வாயைத் திறந்தான். "நான்" என்ற சொல் பாதி வந்தது.

"நிறுத்துய்யா" என்றார் பக்கிரிசாமி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தட்டுக்கு முன்னால் நின்றார். வந்தவர் தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நெல்லு ஆரு நெல்லு? என்னுது. பறிகொடுத்தவன் நானே கேக்கல, நீங்க எதுக்கு ஊர்ல உள்ளவன் கையெல்லாம் சுட்டுக்கிட்டு நிக்கிறீங்க? நான் பாத்தவன். மேலேருந்து எறங்குனத என் ரெண்டு கண்ணால பாத்தேன். மனுசன் கை படல. இது பிடாரி மேல சத்தியம்."

உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தினார். மற்றவர்கள் தொட்டும் தொடாமலும் அணைத்த இடத்தில் அவர் கையை எடுக்கவில்லை. பெண்கள் பக்கம் ஒரு முனகல் கிளம்பி அடங்கியது. பந்தக்கால் ஊன்றிய வீட்டுக்காரர்கள் சாவு வீட்டுக்கே போகமாட்டார்கள், சூடத்தின் பக்கத்தில் யார் வருவார்கள்? தோல் கருகும் வாடை வந்தபிறகுதான் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அண்ணன் பொய் சொல்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு மட்டும் தெரியும். அந்த ஒருவன் தட்டுக்கு முன்னால் வாய் திறந்தபடி நின்றான். அண்ணன் பைத்தியம் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

விடிந்ததும் விடியாததுமாக அவன் டீக்கடைக்கு ஓடினான். ஓடிய வேகத்தில், "நான்தான் போட்டேன். எங்கண்ணன் ஒண்ணும் பாக்கல. பலகைய எடுத்து மிதிச்சவன் நான்தான்" என்று இரைக்க இரைக்கச் சொன்னான்.

கலியமூர்த்தி டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "சரி, நீ போட்டன்னே வச்சுக்குவோம். போயி நிறுத்து பாப்போம்."

"நிறுத்த முடியாது."

"போடத் தெரிஞ்சவனுக்கு நிறுத்தத் தெரியாதா?"

உத்திராபதி மைக்செட் கோபுவைப் பார்த்தான். "கோபு, நீ சொன்னதுதாண்டா சரி. ஆளுதான் போட்டது. நான்தான்."

கோபு அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "அதெல்லாம் நேத்தோட முடிஞ்சிட்டுதுப்பா. ஒங்க அண்ணன் கை வச்சப்பறம் நான் என்ன பேசுறது? நானும் வானம்தான் இப்ப." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்கு ஊர்ல பேரு வருது, ஒனக்குப் பொறுக்கல. பங்காளிக் காய்ச்சல இதுல காட்டாத" என்றான்.

எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் நம்பவில்லை. செய்த குற்றத்தைத் தூக்கிக்கொண்டு வீதி வீதியாகப் போனான், வாங்கிக்கொள்ள ஆளில்லை. தனபாக்கியத்திடம் சொன்னான், அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள். கடைசியில் கால் போன போக்கில் வயலுக்கு வந்தான்.

வட்டத்துக்குள் பக்கிரிசாமி குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்ததால் அரிவாளை இடது கையில் பிடித்திருந்தார், அறுப்பு கோணல்மாணலாக விழுந்தது. அவர் நின்ற மண் அப்போது தம்பியின் மண். உத்திராபதி அதைப் பார்த்தான். உள்ளே இறங்கினான்.

"ஒனக்கு எப்படிண்ணே தெரியும்?"

பக்கிரிசாமி நிமிரவில்லை. "மோட்டார் கொட்டாயில படுத்திருந்தேன். தலவலின்னு ஆத்துக்குப் போவல. நீ பலகையத் தூக்கிக்கிட்டு எறங்குனதுலேருந்து பாத்தேன்."

"வந்து கழுத்தப் புடிச்சிருக்கலாமுல்ல?"

"புடிக்கத்தான் எழுந்தேன். மம்புட்டியவும் எடுத்துட்டேன்." ஒரு பிடி தாளை அறுத்து வைத்தார். "நீ வரப்பு ஓரம் வந்ததும் நின்னு, ஒன் பக்கத்துக் கதிரு சாயாம கையால ஒதுக்கி ஒதுக்கி வுட்ட பாரு. சிரிப்பு வந்துட்டுதுடா. உக்காந்துட்டேன்."

உத்திராபதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை, சின்னப் பிள்ளையாட்டம் அழுதான். "அதுக்காகப் பொய்ச்சத்தியம் பண்ணுவியா? பந்தக்கால் ஊனிட்டு? அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா?"

"முழுப் பொய் இல்லடா அது." இப்போதுதான் பக்கிரிசாமி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். அவர் முகத்திலும் பயம் இருந்தது, தூங்காத கண் இருந்தது. "படுக்க வச்சது நீ. சுத்த வச்சது நீயா?"

"இல்ல."

"நானா?"

"இல்ல."

"அப்ப மனுசன் கை படலன்னு சொன்னது பாதிக்குப் பாதி நெசம். மிச்சப் பாதிதான் பொய்யி. அத நான் சொமந்துக்குறேன், எது வந்தாலும் எனக்கு வரட்டும். மூத்தவன் நான்தான? நீ போ."

உத்திராபதி போகவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாகம் பிரித்த நாளிலிருந்து ஊர் எத்தனையோ முறை கேட்டிருந்த அதே பிடிவாதக் குரலில் சொன்னான்.

"அதெல்லாம் முடியாது. அந்தப் பாதி என் பங்கு. குடுத்துடு."

காலுக்குக் கீழே வயல் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. பக்கிரிசாமி இடது கையிலிருந்த அரிவாளை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் அறுக்க அறுக்கக் கட்டுக் கட்டினார்.